ஆர்சி டிரக் உருள்கிறது, குதிக்கிறது, மூக்குக் குத்துகிறது: சஸ்பென்ஷனை எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி இதுதான். காட்பாடியில் இருக்கும் தம்பி ஒருவர் ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) டிரக் ஒன்று வாங்கி ஓட்டுகிறார், நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு (1/10), பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ், மண் பந்தய டிரக் போன்ற ஷார்ட் கோர்ஸ் வகை. தெருவில் சிமெண்ட் ரோட்டில் வேகமாகத் திருப்பினால் வண்டி உருண்டுவிடுகிறது, பாலாற்றங்கரை மண்ணில் விட்டால் தெறித்துத் தெறித்துக் குதிக்கிறது, சின்ன மேட்டில் ஏற்றித் தாண்டவிட்டால் மூக்குக் குத்தி விழுகிறது. இதைச் சரிசெய்ய ஷாக்கில் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும், ஸ்பிரிங்கும் எண்ணெயும் உள்ள குழாய்) ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தை முழுக்கத் திருகி வண்டியை உயர்த்தினார், வேலூர் வெயிலில் எண்ணெய் நீர்த்துவிடும் என்று 30 வெயிட் (எண்ணெயின் கெட்டியைக் குறிக்கும் எண்) இருந்த இடத்தில் 60 வெயிட் ஊற்றினார், கடினமான ஸ்பிரிங்கும் மாட்டினார். மூன்றும் முன்னைவிட மோசம். இனி அலுமினியம் ஷாக் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. அந்தக் காசு பையிலேயே இருக்கட்டும். நீங்கள் செய்த மூன்று மாற்றமும் ஒரே திசையில் போயிருக்கின்றன, சக்கரம் அசைய வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துவிட்டீர்கள், இனி எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் மாட்டினாலும் அது இதே வேலையைத்தான் இன்னும் பளபளப்பாகச் செய்யும்.

சஸ்பென்ஷன் என்றதும் எல்லோரும் மேடு வந்தால் சக்கரம் மேலே போவதை மட்டும் நினைக்கிறார்கள். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க வேண்டுமே, அதற்கும் இடம் வேண்டாமா? வண்டி சமதரையில் நிற்கும்போது ஷாக் பாதி வழியில் எங்கோ நிற்க வேண்டும், மேலேயும் கொஞ்சம் பயணம், கீழேயும் கொஞ்சம் பயணம். கீழ்நோக்கி இருக்கும் இந்தப் பயணத்தை ஆர்சி ஆட்கள் டிரூப் என்பார்கள். வளையத்தை முழுக்கத் திருகியதும் உங்கள் வண்டியில் டிரூப் ஏறக்குறைய பூஜ்யம். ஷாக் முழுக்க நீண்ட நிலையிலேயே வண்டி நிற்கிறது. சின்னப் பள்ளம் வந்தால்கூடச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், தரையை விட்ட சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? ஆற்றங்கரை மண்ணில் தெறித்துக் குதிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

வளையத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது, அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று. ஆகாது. கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்தால் கட்டில் உயரும், மெத்தை கடினமாகாது, அவ்வளவுதான். ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு எடை வேண்டுமோ அது வளையம் எங்கே இருந்தாலும் மாறாது. வண்டியின் எடை அதேதான், ஆகவே ஸ்பிரிங் அமுங்கும் அளவும் அதேதான், வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறும். கையால் அமுக்கிப் பார்த்தால் கடினமாகிவிட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம், ஷாக் முழுக்க நீண்டு முட்டி நிற்பதால் முதல் அசைவுக்கே அதிக விசை தேவைப்படுகிறது. அந்த முட்டி நிற்கும் நிலைதான் உங்கள் இப்போதைய தொல்லை.

சரி, வேலையை ஆரம்பிப்போம். முதலில் நான்கு ஷாக்கையும் கழற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் எண்ணெய், ஸ்பிரிங் என்று பேசுவதெல்லாம் வீண். ஷாக் இல்லாமல் ஒவ்வொரு ஆர்மையும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) சக்கரத்தோடு கையால் தூக்கி விடுங்கள். தன் எடையில் தானாக விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினாலோ, விட்ட இடத்திலேயே நின்றாலோ ஆர்ம் அசையும் அச்சான ஹின்ஜ் பின் வளைந்திருக்கும், இல்லையென்றால் பின்னுக்கும் ஆர்முக்கும் நடுவே மண் புகுந்திருக்கும். நம்ம பாலாற்று மணலில் பொடி மணல் நிறைய, அது எங்கே வேண்டுமானாலும் புகும். பின்னை உருவிக் கண்ணாடி மேல் வைத்து உருட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் தள்ளாடி உருளும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். ஆர்மின் ஓட்டையைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கே கிரீஸ் தடவாதீர்கள், அடுத்த முறை மணலைக் கூப்பிட்டு உட்கார வைப்பது அந்தக் கிரீஸ்தான். உலர்ந்தே இருக்கட்டும். ஷாக்கின் மேல் கீழ் பந்து மூட்டுகளும் தாராளமாகச் சுழல வேண்டும்.

ஆர்ம் தானாக விழ ஆரம்பித்த பிறகு ஷாக். உள்ளே இருக்கும் 60 வெயிட் எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். வெயிலை நினைத்து ஊற்றினீர்கள், நினைத்தது சரி, அளவுதான் எங்கேயோ போய்விட்டது. கத்திரி வெயிலில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது உண்மைதான். ஆனால் ஷாக்கில் போடுவது சிலிக்கான் எண்ணெய், அது இன்ஜின் ஆயில் போலச் சூட்டில் தண்ணீராகிவிடாது. 25 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போகும்போது அதன் கெட்டித்தன்மை சுமார் கால்வாசி குறையும். அதை ஈடுகட்ட 30-லிருந்து 35, மிஞ்சினால் 40 போதும். 60 என்பது வேறு உலகம். வெயிட் என்ற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பாட்டிலில் சிஎஸ்டி (cSt, கெட்டித்தன்மையின் அளவு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், ஒப்பிட அதுதான் நம்பகமானது. பொதுவாக 30 வெயிட் என்று விற்பது 350 சிஎஸ்டி பக்கம், 40 என்பது 500 பக்கம், 60 என்றால் 800 பக்கம். இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக்கியிருக்கிறீர்கள். டிசம்பர் காலையில் ஓட்டும்போது மறுபடி 30-க்கு இறங்கிவிடலாம். வெயில் நாளிலும் காலை ஆறரைக்கு ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, பன்னிரண்டு மணி வெயிலில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது. (அப்படி ஓட்டாதீர்கள், மோட்டாரும் பேட்டரியும் பாவம்.)

எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று. பைக் மெக்கானிக் கடையில் பைக்கின் முன் ஷாக்குக்கு ஊற்றும் ஃபோர்க் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே, அதிலும் வெயிட் என்று எண் போட்டிருக்கிறதே என்று சிலர் அதை ஊற்றுகிறார்கள். ஃபோர்க் ஆயில் பெட்ரோலிய வகை. ஷாக்கில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் வளையமான ஓ-ரிங் சிலிக்கான் ரப்பராக இருந்தால் ஊறி உப்பிப்போகும், ஷாக்கின் கம்பி இறுகும், பிறகு கிழிந்து ஒழுகும். சிலிக்கான் ஷாக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள், ஒரு பாட்டில் நெடுநாள் வரும்.

ஊற்றும் முறையில் அவசரம் கூடாது. ஷாக் கம்பியின் நுனியில் இருக்கும், ஓட்டை போட்ட வட்டத் துண்டான பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, எண்ணெயை விளிம்புக்குக் கொஞ்சம் கீழ்வரை ஊற்றி, மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வந்துவிடக் கூடாது. குமிழிகள் வரும். கொஞ்ச நேரம் நிமிர்த்தி நிறுத்தி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், குமிழி தானாக மேலே வந்து உடையும். அப்புறம் எண்ணெயை நிரப்பி ஷாக்கின் மூடியைப் போடும்போது கம்பியைப் பாதி உள்ளே தள்ளிக்கொண்டு, அதிகப்படி எண்ணெய் வழிய விட்டு மூடுங்கள். முடிந்ததும் இடது வலது ஷாக்கை ஒன்றோடொன்று தலைகீழாக வைத்து அமுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அதில் காற்று இருக்கிறது அல்லது எண்ணெய் குறைவு. உள்ளே போகும்போது புளிச் புளிச் என்று சத்தம் வந்தாலும் காற்றுதான். இடது வலது ஒரே மாதிரி இல்லாத வண்டியை எவ்வளவு டியூன் செய்தாலும் ஒரு பக்கத் திருப்பத்தில் நன்றாகவும் மறு பக்கத்தில் கேவலமாகவும்தான் போகும்.

இப்போது பழைய, வண்டியோடு வந்த ஸ்பிரிங்கையே மாட்டுங்கள். வளையத்தை நன்றாகத் தளர்த்தி, பேட்டரி வைத்து, வண்டியின் மேல்மூடி போட்டு, ஓட்டுகிற நிலையில் வண்டியை ஒரு சாண் உயரத்தில் இருந்து தரையில் போடுங்கள். அது தானாக உட்காரும் உயரத்தைப் பாருங்கள். பின்னால், சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் கம்பி தரைக்கு இணையாக இருக்க வேண்டும், முன்னால் ஆர்ம் தரைக்கு இணையாகவோ மயிரிழை உயரமாகவோ இருக்கலாம். அதற்குத் தேவையான அளவு மட்டும் வளையத்தைத் திருகுங்கள், இடதும் வலதும் சமமாக. அதன் பிறகு வண்டியின் அடித்தட்டான சேஸிஸைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள், சக்கரம் தரையை விடும் வரை. நிற்கும் உயரத்துக்கும் இந்த உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டிரூப். மண்ணில் ஓட்ட மொத்தப் பயணத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கீழ்நோக்கி இருந்தால் நல்லது. உங்களிடம் இப்போது இருப்பதையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

அப்படியே ஒரு சோதனை. வண்டியின் முன்பக்கத்தின் நடுவில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகத் தரையை விட வேண்டும். பின்பக்கமும் அப்படியே. ஒன்று முன்பாகவும் ஒன்று பின்பாகவும் கிளம்பினால் எங்கோ வளையம் சமமாக இல்லை, அல்லது உருண்டு உருண்டு சேஸிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

இதுவரை செய்ததிலேயே பாதித் தொல்லை போயிருக்கும். மீதியைப் பார்ப்பதற்கு முன் எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். தண்ணியில்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கேலி செய்வார்கள், ஆர்சி ஓட்டுகிறவனுக்கு அதைவிட வரம் என்ன இருக்கிறது! ஆனால் ஆற்று மணல் ஒன்று, கரையில் இறுகிய மண் ஒன்று, கணியம்பாடி தாண்டி அமிர்தி பக்கம் போனால் சரளைக்கல் கலந்த செம்மண் ஒன்று, சத்துவாச்சாரி தெருக்களில் இருக்கும் சிமெண்ட் ரோடு வேறொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங் என்பது கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்பவர் ஒரே இடத்தில்தான் ஓட்டியிருப்பார்.

சிமெண்ட் ரோட்டில் உருள்வதற்குக் காரணம் பிடிப்பு குறைவு என்று நினைக்கிறீர்கள். நேர்மாறு. அங்கே பிடிப்பு அதிகம். மென்மையான ரப்பர் டயர் ரோட்டைக் கவ்விக்கொள்கிறது, மேலே இருக்கும் எடை திருப்பத்தின் வெளிப்பக்கம் சாய்கிறது, டயர் வழுக்கிக் கொடுத்திருந்தால் வண்டி சறுக்கியிருக்கும், வழுக்காததால் டயர் விளிம்பில் ஏறிக் கவிழ்கிறது. நீங்கள் வண்டியை வேறு உயர்த்தி வைத்தீர்கள், எடை இன்னும் மேலே போனது. ரோட்டில் ஓட்டும்போது செய்ய வேண்டியது: வண்டியைத் தாழ்த்துங்கள், பேட்டரி எவ்வளவு கீழே உட்காருமோ அவ்வளவு கீழே உட்காரட்டும், முடிந்தால் மென்மையான டயருக்குப் பதில் தேய்ந்த பழைய டயரையோ கொஞ்சம் கடின ரப்பரையோ மாட்டுங்கள். சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடினாலும் உதவும், அதற்கு வெளித்தள்ளிய ரிம் கிடைக்கும். கடினமான ஸ்பிரிங் வாங்கி வைத்தீர்களே, அதற்கு வேலை இங்கேதான், அதுவும் முதலில் முன்பக்கம் மட்டும்.

ரோட்டுக்கு டிரூப்பையும் குறைக்க வேண்டும். என்னடா, இப்போதுதான் டிரூப் வேண்டும் என்றான், இப்போது குறைக்கச் சொல்கிறான் என்று தோன்றும். குறைக்கும் வழியில்தான் வித்தியாசம். வளையத்தைத் திருகிக் குறைத்தால் வண்டி உயர்ந்து எடை மேலே போகும். ஷாக்குக்கு உள்ளே, பிஸ்டனுக்குக் கீழே, கம்பியில் ஒரு சின்னத் துண்டு டியூப் கோத்தால் ஷாக் நீளும் தூரம் மட்டும் குறையும், வண்டி தாழ்ந்தே இருக்கும். திருப்பத்தில் உள்பக்கம் எழும்புவது இதனால் அடங்கும். இதற்கென்று பிளாஸ்டிக் துண்டுகள் விற்கிறார்கள், நான் சலைன் டியூபை வெட்டிப் போடுகிறேன். வேலூரில் எது கிடைக்காவிட்டாலும் மெடிக்கல் கடை கிடைக்கும். இடது வலது ஒரே நீளத்தில் வெட்டுங்கள், அளவுகோல் வைத்து, கண்மதிப்பில் வேண்டாம். மண்ணுக்குத் திரும்பும்போது கழற்றிவிட வேண்டும், அதுதான் இதில் இருக்கும் ஒரே சள்ளை.

மண்ணுக்கு வருவோம், டூ வீல் டிரைவ் டிரக்குக்கு அதுதான் உண்மையான வீடு. மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கத்தை மென்மையாக்குகிறீர்களோ, மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பக்கத்துக்குப் பிடிப்பு கூடும். பின்னால் மென்மையான ஸ்பிரிங் என்றால் பின்சக்கரம் மண்ணை நன்றாகக் கவ்வும், த்ராட்டில் (வேகம்) கொடுத்தால் பின்பக்கம் சுழன்று வராது. முன்னால் மென்மை என்றால் ஸ்டியரிங் கூடும், திருப்பத்துக்குள் மூக்கு நன்றாக நுழையும். முன்னால் கடினம் என்றால் வண்டி நிதானமாகும், ஆனால் திரும்ப மறுக்கும். நான்கு பக்கமும் ஒரேயடியாகக் கடினமாக்கினால் விதி வேலை செய்யாது, நான்கும் சேர்ந்து பிடிப்பை இழக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஸ்பிரிங் மாற்றக் காசு செலவழிக்காமலே மென்மை கடினம் மாற்ற ஒரு வழி உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை. ஷாக்கின் கீழ்முனை மாட்ட ஆர்மில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும், மேல்முனை மாட்ட டவரில் (சேஸிஸில் நிமிர்ந்து நிற்கும் தகடு) வரிசையாக ஓட்டை இருக்கும். கீழே, சக்கரத்தை ஒட்டிய ஓட்டையில் மாட்டினால் கடினம், உள்ளே தள்ளி மாட்டினால் மென்மை. எவ்வளவு மென்மை? ஆர்ம் அசையும் ஹின்ஜ் பின்னிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தில் ஷாக் எங்கே பிடிக்கிறது என்பதை இரண்டு முறை பெருக்க வேண்டும். 70 சதவீத இடத்தில் பிடித்தால் 0.7 பெருக்கல் 0.7, அதாவது 0.49. ஸ்பிரிங்கின் வலுவில் பாதிதான் சக்கரத்துக்குப் போகிறது. 60 சதவீத இடத்துக்கு நகர்த்தினால் 0.36. ஒரு ஓட்டை மாறியதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மென்மையாகிவிட்டது, ஸ்பிரிங் அதேதான். ஷாக் நேராக நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது, சாய்ந்திருந்தால் இன்னும் குறையும். ஓட்டை மாற்றினால் நிற்கும் உயரமும் மாறும், ஆகவே வளையத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே டவரில் மாற்றுவது இதைவிட நுட்பமானது. ஷாக்கை உள்பக்கம் சாய்த்து மாட்டினால் முதல் அசைவு மென்மையாகவும், அமுங்க அமுங்கக் கொஞ்சம் கடினமாகவும் போகும், சரளைக்கும் குழியான மண்ணுக்கும் இது சுகம். நிமிர்த்தி மாட்டினால் ஸ்டியரிங் தொட்டதும் வண்டி பதில் சொல்லும். உங்களுக்கு நான் சொல்வது, பின்னால் ஒரு ஓட்டை உள்ளே சாய்த்துக்கொள்ளுங்கள், முன்னால் நடு ஓட்டை.

எண்ணெயும் பிஸ்டனும் சேர்ந்து செய்யும் வேலை வேறு. வண்டி எவ்வளவு சாயும், எங்கே உட்காரும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகத்தில் சாயும், எவ்வளவு வேகத்தில் திரும்பி எழும் என்பதை எண்ணெய் முடிவு செய்கிறது. கெட்டி எண்ணெய் ஊற்றிய ஷாக் ஒரு மேட்டில் அமுங்கினால், திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், அடுத்ததில் இன்னும் அமுங்கும், நாலைந்து மேட்டில் ஷாக் முழுக்க அமுங்கியே நிற்கும். டிராக்டர் போய் இறுகிய ஆற்றங்கரைத் தடத்தில் வண்டி முதல் சில அடி நன்றாகப் போய்விட்டு அப்புறம் குதிக்க ஆரம்பித்தால் இதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் மேட்டிலேயே துள்ளி, துள்ளல் அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் நீர்த்திருக்கிறது, அல்லது ஒழுகிப் போயிருக்கிறது.

பிஸ்டன் ஓட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஓட்டையில் எண்ணெய் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, பலமாக விழும்போது எண்ணெய் புகுந்து போக நேரமில்லாமல் ஷாக் சட்டென்று இறுகும். உயரத்தில் இருந்து தாண்டி விழும் டிராக்குக்கு இது நல்லது, அடிவயிறு தரையில் மோதாது. குழியும் சரளையுமான நம்ம மண்ணுக்கு இது கெடுதல். பெரிய ஓட்டை பிஸ்டன் போட்டு எண்ணெயை ஒரு படி கெட்டியாக்கினால் திருப்பத்தில் ஒரே மாதிரி நிதானம், கல்லில் ஏறும்போது மென்மை, இரண்டும் கிடைக்கும். வண்டியோடு பெட்டியில் கூடுதல் பிஸ்டன் வந்திருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இதற்காக அலைய வேண்டாம்.

எண்ணெய் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி. வண்டியை முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 30 சென்டிமீட்டரில் இருந்து தட்டையாகப் போடுங்கள். அடிப்பகுதி தரையை லேசாகத் தொட்டுவிட்டு, எழுந்து, ஒரே மூச்சில் தன் இடத்தில் நின்றால் சரி. டப் என்று பலமாக அடித்தால் எண்ணெயோ ஸ்பிரிங்கோ போதாது. தொடவே இல்லை, கல் போல உட்கார்ந்தது என்றால் இருக்கும் பயணத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. மொபைலில் ஸ்லோ மோஷன் வைத்து எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். மண்ணில் ஓடும்போதும் பக்கவாட்டில் நின்று அப்படி ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள், எந்தச் சக்கரம் தரையை விடுகிறது என்பது தெரிந்தால் பாதி விடை கையில். தெருநாய் துரத்தும் காட்சியும் கூடவே பதிவாகும், அதைத் தடுக்க எந்த செட்டிங்கும் இல்லை.

மூக்குக் குத்தி விழுவது. இதில் பாதி ஓட்டுகிறவர் கை, பாதி வண்டி. மேட்டின் நுனியை விடும்போது பயந்து த்ராட்டிலை விட்டாலோ பிரேக் தொட்டாலோ, சுழன்றுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று அடங்கும், அந்தச் சுழற்சி வண்டியின் உடலுக்குப் போய் மூக்கைக் கீழே இறக்கும். அந்தரத்தில் த்ராட்டில் கொடுத்தால் மூக்கு எழும்பும். ஆகவே நுனியைத் தாண்டும் வரை த்ராட்டில் சீராக இருக்கட்டும், காற்றில் பார்த்துக்கொண்டு சின்னச் சின்னத் திருத்தம். வண்டியின் பங்கு என்னவென்றால், பின்சக்கரம் மேட்டின் நுனியில் மோதும்போது கடினமான பின் ஸ்பிரிங் அந்த அடியை விழுங்காமல் பின்பக்கத்தை மேலே எற்றிவிடுகிறது. பின்பக்கம் எழும்பினால் மூக்கு குத்தாமல் என்ன செய்யும்? மென்மையான பின் ஸ்பிரிங்கும் போதிய டிரூப்பும் இதை அடக்கும். ஷார்ட் கோர்ஸ் வண்டியின் அகலமான மேல்மூடிக்கு அடியில் காற்றுப் புகுந்து பாராசூட் போலப் பிடிப்பதும் உண்டு, அதற்கு மூடியின் பின்பக்கம் ஓட்டை வெட்டி விடுவார்கள். வேகம் கூடிய பிறகு அதைப் பார்க்கலாம்.

சக்கரத்தின் சாய்வு (கேம்பர்), அது உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம் (டோ) பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். பேட்டரி வைத்து நிற்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் ஒன்று அல்லது இரண்டு டிகிரி உள்ளே சாய்ந்திருந்தால் போதும். ஓட்டிவிட்டு வந்து டயரைப் பாருங்கள், உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் சாய்வு அதிகம், வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்தால் குறைவு. முன்சக்கரங்கள் நேராகவோ, மயிரளவு வெளியே பார்த்தோ இருக்கலாம். பின்சக்கரங்கள் உள்ளே பார்த்திருப்பது கம்பெனியிலேயே வைத்தது, அதைத் தொடாதீர்கள், நேர் ஓட்டத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது அதுதான். ஆன்டி ரோல் பார் வாங்கவும் இப்போது அவசியமில்லை. அது இடது வலது சக்கரங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது, சமமான ரோட்டில் நல்லது, குழியில் ஒரு சக்கரம் வாங்கும் அடி மற்றதுக்கும் போகும்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் சஸ்பென்ஷன் பேச முடியாது, ஏனென்றால் மண்ணைத் தொடுவது அதுதானே. உள்ளே இருக்கும் ஃபோம் மணலும் தண்ணீரும் பட்டு நசுங்கிப் போயிருந்தால் டயர் பக்கவாட்டில் மடங்கும், நீங்கள் அதை ஸ்பிரிங் தொல்லை என்று நினைத்து அலைவீர்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள், நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. ஆம்பூர் பக்கம் ஆள் இருந்தால் ஷூவுக்குள் வைக்கும் ஃபோம் துண்டு கேட்டு வாங்கி வளையமாக வெட்டி வைத்துப் பார்க்கலாம், மென்மையான ரகமாகக் கேளுங்கள், சோல் போடும் கெட்டி ரகம் வைத்தால் டயர் மரக்கட்டையாகிவிடும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங், எண்ணெய், ஓட்டை மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தடத்தில் ஓட்டுங்கள், பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது ஒன்றும் காலியாகும்போது ஒன்றுமாக ஒப்பிடாதீர்கள். பழைய நிலையை எழுதி வைத்துக்கொண்டால் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வழி இருக்கும்.

அலுமினியம் ஷாக் கேட்டீர்கள். பிளாஸ்டிக் ஷாக் ஒழுகாமல், இடது வலது சமமாக இருக்கும் வரை அதுவே போதும். பலமான அடியில் ஷாக்கின் மூடி கழன்று எண்ணெய் சிந்துவது அடிக்கடி நடந்தால் அலுமினியம் மூடி மட்டும் வாங்குங்கள். ஆர்மை மட்டும் எக்காரணம் கொண்டும் அலுமினியத்துக்கு மாற்றாதீர்கள். பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து கொடுத்துத் திரும்பும், உடைந்தாலும் அதோடு போகும். அலுமினியம் வளைந்து அப்படியே நிற்கும், அல்லது அடியை அப்படியே பல்க்ஹெட்டுக்கு (ஆர்ம் மாட்டியிருக்கும் பாகம்) கொண்டுபோய் அதை உடைக்கும். காசு கையை அரித்தால் ஓ-ரிங் செட் ஒன்று, 35, 40 வெயிட் எண்ணெய் ஒவ்வொரு பாட்டில், ஷாக் கம்பிக்கு மாட்டும் ரப்பர் உறை நான்கு. அந்த உறை நம்ம மணலுக்கு அவசியம், கம்பியில் ஒட்டிய மணல் ஓ-ரிங்கை அறுத்துவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு 35 வெயிட் எண்ணெய், பழைய ஸ்பிரிங், பின் ஷாக் ஒரு ஓட்டை உள்ளே சாய்த்து ஆற்றங்கரையில் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் த்ராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் சுழன்றால், பேட்டரியை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளிவிட்டு, ஆர்மில் எந்த ஓட்டையில் ஷாக் மாட்டியிருக்கிறீர்கள் என்று முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அளந்த டிரூப் எண்ணோடு. பார்த்துச் சொல்கிறேன்.